சோனியாவின் குரலில்

பத்துக்குப் பத்து வந்திருக்கவே கூடாது. அது சோனியா ஒருத்திக்குத்தான் தெரியும்.

கிருத்திகா மடிக்கணினியைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் குழுவில் வேலை பார்க்கிற பெண். சின்ன வயசு, சந்தோஷத்தை அடக்கத் தெரியவில்லை. "அண்ணன் எல்லாத்துக்கும் கரெக்டா பதில் சொல்லியிருக்காரு அக்கா. இத்தனை வருஷமா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்காரு." ஒக்கலிபுரத்திலிருந்து லீவு போட்டு வந்திருந்த அசோகன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். படுத்திருந்தவன் அவருடைய தம்பி, சோனியாவின் புருஷன் ரவிக்குமார். தண்ணீர் டேங்கர் ஓட்டியவன். ஹென்னூர் ரோட்டில் தலையில் அடிபட்டு விழுந்த நாளிலிருந்து இப்படித்தான் கிடக்கிறான். கண் திறந்திருக்கும். தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். யார் கூப்பிட்டாலும் திரும்பாது.

மழித்த தலையில் ஒயர்கள் கோத்த ஒரு துணிக் குல்லாய். இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு பட்டை. பட்டைகள் மாறி மாறி அதிரும். பதில் ஆமாம் என்றால் வலது கை அதிர்வை மனதுக்குள் எண்ண வேண்டும், இல்லை என்றால் இடது கையை. எந்தக் கையை எண்ணுகிறான் என்று மூளையின் மின்சாரத்தைப் பார்த்துக் குல்லாய் சொல்லிவிடும். கேள்விகளுக்குச் சரியான விடையை வீட்டு ஆள் முன்கூட்டியே தர வேண்டும். பரிசோதனை நடக்கும்போது வீட்டு ஆள் யாரும் அறைக்குள் இருக்கக் கூடாது. அதுதான் அவர்கள் முறை.

"பாதிக்குப் பாதி வந்தா குருட்டாம்போக்குல வர்றதுதான் அக்கா. அத வெச்சு உணர்வு இருக்குன்னு சொல்ல முடியாது" என்று கிருத்திகாவே ஒரு நாள் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். சோனியா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். விடைகளைப் போனில் கேட்டபோது பாதிக்கு உண்மையும் பாதிக்குப் பொய்யும் சொன்னாள். தர்மபுரியில் பிறந்தவனைக் கோலாரில் பிறந்தவன் என்றாள். முட்டை என்றாலே குமட்டுகிறவனுக்கு முட்டைப் பொரியல் என்றால் உயிர் என்றாள். அவனுக்கு நினைவு இருந்து, உண்மையையே சொன்னாலும் பாதிதான் தேறும். நல்ல கணக்குதான்.

ஆனால் கோலாரா என்று கேட்டதற்கு அவன் ஆமாம் என்று சொல்லியிருந்தான். முட்டைக்கும் ஆமாம். அவள் சொன்ன ஒவ்வொரு பொய்க்கும் அதே பொய்யை, ஒன்று விடாமல்.

அந்தப் பொய்களை அவள் இந்த வீட்டில் சொல்லவில்லை. லிங்கராஜபுரத்தில் அவள் வேலை பார்க்கிற, சிநேகிதி கேத்தரினின் பேக்கரியில், அடுப்புக்குப் பின்னால் மாவு மூட்டைகளுக்கு நடுவே நின்று, வாயைக் கையால் மூடிக்கொண்டு போனில் சொன்னாள். பக்கத்தில் ஈ காக்கை இல்லை.

அசோகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "உணர்வு இல்லேன்னா ஹோம்ல சேத்துடலாம்னு நான்தாம்மா சொன்னேன். நீயும் மனுசிதானே, உனக்கும் ஒரு வாழ்க்கை வேணும்னுதான் சொன்னேன். இப்ப எப்படிம்மா? உசிரும் உணர்வுமா கெடக்கறவனக் கொண்டுபோயி எவன் கைலயோ குடுக்க முடியுமா?"

அசோகன் நல்லவர். அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் சோனியா எப்போதோ எதிர்த்துப் பேசியிருப்பாள். பேக்கரிக்கு மேலே காலியாக இருக்கிற அறையைக் கேத்தரின் அவளுக்காகவே வெள்ளையடித்து வைத்திருந்தாள். அவன் ஹோமுக்குப் போகிற அன்று சோனியா அங்கே போவதாக இருந்தது. அந்த ஒரு அறைக்காகத்தான் இத்தனை பொய்யும்.

அவர்கள் போனபிறகு மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலம் இருட்டுவதற்கு முன்பே ஜீவனஹள்ளிச் சந்து இருண்டுவிட்டது. தகரக் கூரைமேல் மழை கொட்டுகிற இரைச்சலுக்கு நடுவே ஈஸ்ட் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பிய ரயில் ஒன்று போய், ஜன்னல் கம்பிகளும் மருந்து பாட்டில்களும் கட்டிலின் இரும்புக் காலும் ஒன்றுவிடாமல் நடுங்கி ஓய்ந்தன. குல்லாயின் பசை நாற்றமும் டெட்டால் நாற்றமும் மூக்குக் குழாயில் ஊற்றிய ராகிக் கஞ்சியின் புளிப்பும் அறையில் தேங்கிக் கிடந்தன. சோனியா கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அடிபடுவதற்கு முன்பு இவன் எப்படிப்பட்டவன் என்று அவளுடைய இடது மணிக்கட்டுக்குத் தெரியும். எலும்பு கோணலாகவே கூடியிருந்தது. சந்துக்குள் டேங்கர் நுழையாது என்பதால் முனையில் நிறுத்தி ஹாரன் அடிப்பான். அடித்ததும் அவள் ஜன்னலில் முகம் காட்ட வேண்டும். காட்டத் தவறிய ஒரு நாளின் மிச்சம்தான் அந்த மணிக்கட்டு.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்றாள்.

கூரையைப் பார்த்த கண் கூரையையே பார்த்தது. கண்ணின் கறுப்புப் பாப்பாவுக்குள் ஜன்னல் வெளிச்சம் ஒரு சின்னக் கட்டமாகத் தெரிந்தது, அதற்குள் அவளும் தெரிந்தாள்.

அடுத்த வாரம் கிருத்திகா ஒரு பெட்டியைக் கொண்டுவந்தாள். சோப்பு டப்பா அளவுதான், முன்பக்கம் ஸ்பீக்கர். இனி குல்லாய் வீட்டிலேயே இருக்கும், அண்ணன் என்ன பதில் நினைக்கிறாரோ அதைப் பெட்டி வாய்விட்டுச் சொல்லும் என்றாள். யாராவது குரல் கொடுக்க வேண்டும்.

"நீங்களே குடுங்க அக்கா. கூடவே இருக்கிற ஆளு குரல்னா அவர் மூளை சீக்கிரம் புடிச்சுக்கும்."

"ஆம்பளைக்கு எதுக்கு என் கொரலு? மாமாவே பேசட்டும்."

"என் தொண்ட கட்டியிருக்குதும்மா. அஞ்சு வார்த்தைதானே, பேசிடு" என்றார் அசோகன்.

ஆமா. இல்ல. வேணும். வேணாம். வா. செல்போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு கிருத்திகா ஒவ்வொன்றையும் மூன்று தடவை சொல்ல வைத்தாள். கடைசிச் சொல்லைச் சொல்லும்போது சோனியாவின் தொண்டையில் மீன்முள் மாட்டின மாதிரி ஒரு குத்தல். தண்ணீர் குடித்ததும் போய்விட்டது.

அன்றைக்கே அசோகன் தம்பியின் காதருகே குனிந்து கேட்டார். "சோனியா உன்ன நல்லா பாத்துக்கறாளா?"

பட்டைகள் அதிர்ந்தன. பெட்டி கொஞ்சம் தாமதித்து, சோனியாவின் குரலில், "ஆமா" என்றது.

"ஹோமுக்குப் போறியாப்பா?"

"இல்ல."

"இவ கடைக்கு வேலைக்குப் போறாளே, போலாமா?"

"வேணாம்."

தன் குரல் தனக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்வதை வாய் மூடி நின்று கேட்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அசோகன் சங்கடத்தோடு கையை விரித்தார். "அவனே சொல்லிட்டான். பேக்கரிய உட்டுடும்மா. வீட்டுச் செலவ நான் பாத்துக்கறேன்." சுவரில் புத்தர் படத்துக்குக் கீழே பெட்டியை ஒரு பலகைமேல் வைத்துவிட்டு எல்லோரும் போனார்கள்.

மறுநாள் காலை தள்ளுவண்டிக்காரன் கீழே கேட் முன்னால் நின்று, "அக்கா, சொப்பு பேக்கா?" என்று கன்னடத்தில் கேட்டான். கீரை வேண்டாம். வேணாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். உதடு குவிந்தது, மூச்சு வந்தது, சத்தம் வரவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மறுபடி சொல்லிப் பார்த்தாள். அந்தச் சொல் இருந்த இடத்தில் பல் விழுந்த ஈறு மாதிரி ஒரு வழவழப்புதான் இருந்தது. கையை ஆட்டி அவனை அனுப்பிவிட்டு உள்ளே ஓடி, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிப் பார்த்தாள். மற்றதெல்லாம் வந்தது. அரிசி வந்தது, உப்பு வந்தது, முடியாது வந்தது. அந்த ஐந்தும் மட்டும் வரவில்லை. அவள் அடுப்புமேடையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அடுத்த அறையிலிருந்து, யாரும் எதுவும் கேட்காமலே, "வா" என்றது பெட்டி.

அவள் போனாள். போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் போனாள்.

வருஷக்கணக்காக ஹாரனுக்கு ஓடிய கால், பழக்க தோஷம் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள். ஆனால் அன்று முழுக்க வா, வா என்று வந்துகொண்டே இருந்தது. அடுப்பில் பால் பொங்கும்போது, குளியலறையில் சோப்புப் போட்டிருக்கும்போது, கண் அசரும்போது. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு முன்பாகவே அவள் கால் எழுந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றால் அவனுக்கு ஒன்றும் தேவைப்படாது. கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டாக வேண்டும் என்று இருந்தது. பேக்கரிக்கு மேலே இருக்கிற அறைக்குப் போவதற்காக இரண்டு சேலையும் ஆதார் அட்டையும் போட்டு ஒரு பையை அவள் ஒளித்து வைத்திருந்தாள். அவன் கண் படாத இடத்தில், அவன் பேச்சு மூச்சில்லாமல் கிடந்த காலத்தில் வைத்தது.

"நான் ஒரு பைய ஒளிச்சு வெச்சிருக்கேன். அது அரிசி டின்னுக்குப் பின்னாடி இருக்குதா?"

"இல்ல."

"பாத்ரூம் பரண்லயா?"

மணிக்கட்டுப் பட்டைகள் அதிர்வதற்குள்ளேயே, "ஆமா. ஆமா. ஆமா" என்றது அவளுடைய குரல்.

அவள் போய்க் குல்லாயைப் பிடுங்கினாள். பட்டைகளைக் கழற்றினாள். எல்லாவற்றையும் பக்கெட்டில் ஊறப்போட்டுக் கழுவி, துணி காயும் கயிற்றில் தொங்கவிட்டாள். ஒயர்களிலிருந்து தண்ணீர் சொட்டியது. பெட்டியின் பின்பக்கம் திறந்து பேட்டரியைத் தோண்டி எடுத்து மாடத்தில் போட்டாள். அப்பாடா என்று கீழே உட்கார்ந்தாள். மதிய வெயில் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்திருந்தது, எதிர்வீட்டில் குக்கர் கத்தியது, யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள். எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது.

"வா" என்றது பெட்டி.

எழுந்தாள்.

கேத்தரின் போன் செய்தபோது சோனியா மாடிப்படியில் உட்கார்ந்து கிசுகிசுத்தாள். "என்ன வந்து கூட்டிக்கினு போ. எனக்கு இங்க பயமா இருக்குது."

"இன்னாடி ஆச்சு? அவரு எழுந்துட்டாரா?" சோனியாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை, ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை. "சரி, பேஜார் பண்ணாத. சனிக்கெழம சாயங்காலம் ஆட்டோ எடுத்துக்கினு வரேன். கீழ நின்னு கூப்புடுறேன், பைய எடுத்துக்கினு எறங்கி வந்துடு. உங்க மாமாகிட்ட நான் பேசிக்கறேன்."

"வந்துடறேன்" என்றாள் சோனியா. அந்தச் சொல் இன்னும் அவளிடம் இருந்தது. அழுகையே வந்துவிட்டது அவளுக்கு.

சனிக்கிழமை மதியம் கிருத்திகா வந்தாள். கயிற்றில் தொங்கிய குல்லாயைப் பார்த்து முகம் சுளித்தாலும் ஒன்றும் சொல்லாமல் எடுத்து மாட்டினாள், பெட்டிக்குப் புதுப் பேட்டரி போட்டாள். பிறகு செல்போனைப் பலகைமேல் வைத்துவிட்டு, சோனியாவின் முகத்தைப் பார்த்து, "என்ன அக்கா இப்படி இளைச்சிட்டீங்க? உக்காருங்க. என்ன ஆச்சு, சொல்லுங்க" என்றாள்.

இப்படி ஒருத்தர் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று. சோனியா கொட்டிவிட்டாள். கோலாரைச் சொன்னாள், முட்டைப் பொரியலைச் சொன்னாள், ஹாரனையும் மணிக்கட்டையும் பையையும் சொன்னாள், பேட்டரி இல்லாமல் பேசிய பெட்டியைச் சொன்னாள். என் வாயிலிருந்து வார்த்தையை எடுத்துக்கொள்கிறான், அவன் என் தலைக்குள்ளே இருக்கிறான், இந்தக் குல்லாய் அவன் மூளையைப் படிக்கவில்லை, அவன் இந்தக் குல்லாயை வைத்து என்னைப் படிக்கிறான் என்றாள். அழுதாள், கெஞ்சினாள், கையெடுத்துக் கும்பிட்டாள். வாழ்நாளில் அவள் தொடர்ந்து அத்தனை நேரம் பேசியதே இல்லை.

கிருத்திகா அவள் தோளைத் தடவிக் கொடுத்தாள். "நீங்க சொன்ன பதில் பாதி தப்புன்னா பத்துக்குப் பத்து எப்படி வரும் அக்கா? தூக்கமே இல்ல உங்களுக்கு. ராத்திரி பகலா பாத்துக்கறவங்களுக்கு இதெல்லாம் வரும். கவுன்சிலர்கிட்ட பேச வெக்கிறேன், சரியா?"

"அந்தப் பொட்டிய எடுத்துக்கினு போயிடு தாயே."

"இனிமேதான் அக்கா அதோட வேலையே இருக்கு." கிருத்திகா பலகையிலிருந்து செல்போனை எடுத்தாள். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டு விட்டு எரிந்தது. "தப்பா நெனைக்காதீங்க. படிச்சுக் காட்டச் சொன்னா எல்லாரும் பாடம் ஒப்பிக்கிற மாதிரி பேசுவாங்க. அதான் வந்தவுடனே ஆன் பண்ணிட்டேன். இவ்ளோ நேரம் பேசினது போதும், மீதி வார்த்தைய கம்ப்யூட்டரே கத்துக்கும். இனிமே அண்ணன் எழுத்து எழுத்தா தேர்ந்தெடுத்தா பெட்டி வாக்கியமாவே பேசும். ரொம்ப மெதுவாதான் வரும், ஒரு வரிக்கே அரை மணி நேரம் ஆகும். பொறுமையா இருங்க."

முடியாது என்றாள் சோனியா.

சொன்னதாகத்தான் நினைத்தாள். கிருத்திகா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டிக்கும் போனுக்கும் நடுவே ஒரு ஒயரைச் செருகி, கொஞ்ச நேரம் காத்திருந்து, உருவிக்கொண்டாள். குடையை எடுத்தாள். வரேன் அக்கா என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனாள். சோனியா அவள் பின்னாலேயே வாசல் வரைக்கும் வந்து வாயைத் திறந்து திறந்து மூடினாள். அரிசி இல்லை. உப்பு இல்லை. அவள் பேரே அவள் வாயில் இல்லை.

பரண்மேல் ஏறிப் பையை எடுத்தாள். பேச்சு போனால் போகட்டும், ஊமையாகவே பேக்கரியில் பன் அடுக்கலாம், ஊமையாகவே அந்த வெள்ளையடித்த அறையில் படுத்துத் தூங்கலாம். வானம் மூடிக்கொண்டு வந்தது. தூறல். மறுபடியும் ரயில். கம்பிகள் நடுங்கின, பாட்டில்கள் நடுங்கின, ஓய்ந்தன. சந்து முனையில் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம், கீழே கேட் திறக்கிற சத்தம்.

"சோனியா! வந்துட்டேன். எறங்குடி!"

கதவுக்கு நாலே எட்டு. பையை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

"வா" என்றது பெட்டி. மெதுவாக. அவளே அவளைக் கூப்பிடுகிற மாதிரி.

கால் திரும்பியது.

"சோனியா? இன்னாடி, காது கேக்கலியா?"

"கேக்குது கேத்தரின்." கணீரென்று வந்தது. அரை மணி நேரம் ஆகவில்லை. ஒரு நொடிகூட ஆகவில்லை. "நான் வரலடி. உனக்கு எதுக்கு வீண் அலைச்சல்?"

"வரலியா? நீதானே பயமா இருக்குதுன்னு அழுத?"

"அது அன்னிக்கி ஏதோ மனசு சரியில்ல. இப்ப நல்லாத்தான் இருக்கேன். என் வூட்டுக்காரர உட்டுட்டு நான் எங்கடி போவேன்?"

ஒரு எட்டு. இன்னொரு எட்டு. பையின் காது கையிலிருந்து நழுவியது. சேலைகள் தரையில். ஆதார் அட்டை தரையில். ரவிக்குமாரின் வாய் மூடியிருந்தது. கண் கூரையில் இருந்தது. மூச்சு சீராக ஏறி இறங்கியது. அவள் கட்டில் விளிம்பில் போய் உட்கார்ந்தாள். உட்கார வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை.

கீழே கேத்தரின் யோசித்தாள் போல. மழை மட்டும். பிறகு, "நிஜமா நல்லாயிருக்கியா? மேல வந்து ஒரு வாட்டி பாத்துட்டுப் போவட்டா?" என்றாள்.

வா. வா கேத்தரின். வந்து பார். கடவுளே, ஏறி வா.

அந்தச் சொல்தான் அவளிடம் இல்லையே.

"குளிக்கப் போறேண்டி, துணி மாத்திக்கினு இருக்கேன். இப்ப வந்துடாத, மானம் போயிடும்."

சோனியா வாயை அகலத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் தெறித்தது. அடிவயிற்றிலிருந்து, இருக்கிற பலத்தையெல்லாம் திரட்டி, அலறினாள்.

பெட்டி சிரித்தது. அவளுடைய சிரிப்பு. கலகலவென்று, மூச்சு வாங்க, நிறுத்த முடியாமல்.

கீழே சந்தில் நின்றுகொண்டு கேத்தரினும் சேர்ந்து சிரித்தாள். "கொழுப்புடி உனக்கு" என்றாள். கேட்டைச் சாத்திக்கொண்டு போனாள்.